பேய் வேட்டையும் காதலும்: குறுநாவல் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முகப்பில் இரண்டு மர அலமாரிகள் இருக்கின்றன. ஒன்றில் தமிழ் நாவல்கள். இன்னொன்று முழுக்க ஆங்கிலக் குறுநாவல்கள். அதிலும் பெரும்பாலானவை, இரவு நகரத்தில் அரக்கர்களைத் தேடிப் போகும் வேட்டைக்காரர்களின் கதைகள், அவர்களுடைய காதல் கதைகள். சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்து வந்து எடுத்துப் போகிறார்கள். திருப்பித் தரும்போது திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்து வந்து ஒரு வாரம் தங்குகிறவர்கள் என்று பலரும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். திண்ணைப் பேச்சில் விட்டுப்போனதையும் சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கதைகளில் என்னதான் நடக்கும்?

நாம் வாழும் காலத்து நகரம். பஸ், செல்போன், வாடகை பாக்கி எல்லாம் அங்கே உண்டு. அதே நகரத்தின் சந்துகளிலும் சுரங்க ரயில் பாதைகளிலும் மனிதர் அல்லாத சிலவும் இருக்கின்றன. பகலில் ஏதோ ஒரு வேலை பார்த்துவிட்டு இரவில் அவற்றைத் தேடிப் போகும் ஒருத்தி அல்லது ஒருவன்தான் கதையின் மையம். அவளிடம் ஆயுதம் இருக்கும், ஆறாத இழப்பு ஒன்றும் இருக்கும். எதிரே வருபவன் பாதி அரக்கனாகவோ, சாபம் வாங்கியவனாகவோ, முன்பு அவள் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தவனாகவோ இருப்பான். அவனைக் கொல்வது அவள் கடமை. அவன் துணை இல்லாமல் வரப்போகும் ஆபத்தைத் தடுக்கவும் முடியாது. கதை அங்கே பிடித்துக்கொள்ளும்.

அர்பன் ஃபேன்டசி, பாராநார்மல் ரொமான்ஸ் என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை நின்றால் அது அர்பன் ஃபேன்டசி, விழுந்துவிட்டால் பாராநார்மல் ரொமான்ஸ்.

ரொமான்ஸ் வகைக்கு ஒரு வாக்குறுதி உண்டு. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் தன் வரையறையிலேயே இரண்டு விஷயம் கேட்கிறது: காதல் கதையின் நடுவில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். எத்தனை ரத்தம் சிந்தினாலும் கடைசிப் பக்கத்தில் அந்த இருவரும் சேர்ந்திருப்பார்கள் என்று நம்பிப் படிக்கலாம். அர்பன் ஃபேன்டசி அந்த வாக்கைத் தருவதில்லை. அதில் பெரும்பாலும் வேட்டைக்காரியே 'நான்' என்று கதை சொல்வாள், பல புத்தகங்களுக்கு அவளே தொடர்வாள். ரொமான்ஸ் தொடர்களில் புத்தகத்துக்கு ஒரு ஜோடி என்பது வழக்கம். அத்தியாயங்கள் இருவர் மனதிலிருந்தும் மாறி மாறி வரும்.

நகரத்தைக் கவனித்துப் படியுங்கள். 1987-இல் எழுத்தாளர் எம்மா புல், அமெரிக்க நகரமான மினியாபொலிஸின் ராக் இசைக்குழுக்களுக்கு நடுவே மாய உலகத்தாரின் போரைக் கொண்டுவந்து வைத்தார். 1993-இல் லாரல் கே. ஹாமில்டனுக்கு செயின்ட் லூயிஸ், 2000-இல் ஜிம் புட்சருக்கு சிகாகோ. 1997 முதல் 2003 வரை ஓடிய 'பஃபி' தொலைக்காட்சித் தொடரில், ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளிக்கூடத்துப் பெண் அவர்களில் ஒருவனையே காதலித்தாள். இன்று நாம் படிக்கும் பல குறுநாவல்களில் அந்தப் பெண்ணின் சாயல் இருக்கிறது.

'டீமன்' என்று வரும் இடத்தில் 'பேய்' என்று நினைத்துக்கொண்டு படிக்கலாமா?

வேண்டாம். நம் ஊர் வாசகர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நம்மிடம் பேய் என்றால் பெரும்பாலும் செத்தவர். நிறைவேறாத ஆசையோ, அகால மரணமோ அவரைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, 'என்ன வேண்டும்' என்று கேட்டால் சொல்லும். கோடாங்கி உடுக்கை அடித்து அதனிடம் பேச்சுவார்த்தைதான் நடத்துகிறார். ஆங்கிலக் கதைகளில் வரும் டீமன் பெரும்பாலும் ஒருநாளும் மனிதராக இருந்ததில்லை. கிரேக்கர்களின் 'டைமோன்' மனிதருக்கும் கடவுளருக்கும் இடையில் இருந்த ஓர் ஆவி. அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். கிறித்துவம் பரவிய பிறகு அந்தச் சொல் முழுக்கக் கெட்ட பக்கம் சாய்ந்தது, கடவுளை எதிர்த்து விழுந்த தூதர்களைக் குறித்தது. பதினேழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சாலமோனின் சிறு திறவுகோல்' என்ற மந்திர நூல் 72 டீமன்களைப் பெயர், பதவி, முத்திரையோடு வரிசைப்படுத்துகிறது. பிரபு, இளவரசன், அரசன் என்று அங்கே பட்டங்கள்கூட உண்டு. இன்றைய குறுநாவல்கள் பல இந்தப் பட்டியலிலிருந்தே பெயர்களை எடுக்கின்றன. பெயரைத் தெரிந்துகொண்டால் அதைக் கட்டிவிடலாம் என்ற விதியும் இத்தகைய மந்திர நூல்களில் உண்டு.

ஆகவே 'டீமன்' என்பதற்கு அரக்கன், அசுரன் ஓரளவு பொருந்தும். பேய் பொருந்தாது. பிசாசு, கிறித்துவ மொழிபெயர்ப்பில் வந்த பொருளில் எடுத்தால், அருகில் வரும்.

நம் பேய் எப்போதும் தீயதும் இல்லை. காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். வணிகக் குடும்பத்துப் பெண். கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வமென்று அஞ்சி விலகிப் போனதும், இந்த அழகான உடம்பு வேண்டாம் என்று சிவனிடம் கேட்டுப் பேய் உருவம் வாங்கிக்கொண்டார். 63 நாயன்மார்கள் வரிசையில் உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் அவர். பேயை வணங்கும் மரபில் வளர்ந்த நமக்கு, பார்த்தவுடன் வெட்டு என்று கிளம்பும் வேட்டைக்காரியின் கோபம் முதலில் அந்நியமாகத்தான் இருக்கும். அவள் எதை வெட்டுகிறாள் என்று தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் புரியும்.

பேயும் காதலும் சேர்வது மேல்நாட்டுச் சரக்குதானே? நமக்கு ஒட்டுமா?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் எதிர்பார்த்துக் காத்திருப்பேன்.

காமத்துப்பாலின் முதல் குறளே இதுதான்: "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு." எதிரே நிற்பவள் ஆளை வருத்தும் அணங்கா, மயிலா, பெண்ணா என்று மனம் மயங்குகிறது. காதல் தொடங்கும் முதல் நொடியில் வள்ளுவர் வைத்த சந்தேகம், இவள் மனுஷிதானா என்பது.

அதற்கும் முன்பு சங்கப் பாடல்களில் வெறியாட்டு வருகிறது. காதலித்தவனைப் பார்க்க முடியாமல் பெண் மெலிந்து போகிறாள். வளை கழல்கிறது, நெற்றி பசக்கிறது. தாய்க்குக் காரணம் தெரியாது. முருகன் அணங்கிவிட்டான் என்று நினைத்து முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் களம் அமைத்து, ஆடு அறுத்து, வெறிகொண்டு ஆடுகிறான். பக்கத்தில் நிற்கும் தோழிக்கு மட்டும் உண்மை தெரியும். நற்றிணை 34-ஆம் பாட்டில் அவள் முருகனிடமே சொல்கிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே." நீ கடவுளாகவே இரு, ஆனால் உனக்கு அறிவில்லை என்கிறாள். இந்த நோய்க்கு நீ காரணமில்லை என்று தெரிந்தும் ஏன் இந்தப் பூசைக்கு வந்தாய் என்பது அவள் கேள்வி. ஆவி ஓட்ட வந்தவன், காதல் நோயில் கிடக்கும் பெண், அச்சத்தில் தவறாகப் புரிந்துகொண்ட குடும்பம். நான் படித்த ஆங்கிலக் குறுநாவல்களில் பாதிக்கு மேல் இந்த மூன்று பேரில்தான் நிற்கின்றன.

நகரமும் நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் புகாரில் நாற்சந்தியில் ஒரு பூதம் காவல் இருக்கிறது. பொய்த்தவம் செய்கிறவர், பொய்ச்சாட்சி சொல்கிறவர், பிறன்மனை நாடுகிறவர், புறம் பேசுகிறவர், அரசனுக்கு வஞ்சகம் செய்யும் அமைச்சர் என்று தனித்தனியாக எண்ணி, என் பாசக்கயிற்றில் அகப்படுவார்கள் என்று நாலு காதம் கேட்கக் குரல் கொடுத்து, அடித்துத் தின்னும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தில் இப்படியொரு பூதம்.

மேற்கிலும் வேர் ஆழமானது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள தோபித்து நூலில் சாரா என்ற பெண்ணின் ஏழு கணவர்களை, அஸ்மோடியஸ் என்ற டீமன் ஒவ்வொருவராக முதலிரவிலேயே கொன்றுவிடுகிறது. அவள்மேல் அதற்குக் காதல் என்று சில பிரதிகள் சொல்கின்றன. எட்டாவதாக வரும் தோபியா, வானதூதர் ரபேல் சொன்னபடி மீனின் இதயத்தையும் ஈரலையும் நெருப்பில் இட்டு, அந்தப் புகையில் அதைத் துரத்துகிறான். வேட்டை, காதல், கல்யாணம், வீட்டில் கிடைக்கும் பொருளே ஆயுதம். இதைப் படித்துவிட்டு ஒரு நவீனக் குறுநாவலைத் தொடுங்கள், எத்தனை பழக்கமாக இருக்கிறது என்று தெரியும்.

ஏன் குறுநாவல்? முழு நாவலாக எழுத மாட்டார்களா?

எழுதுகிறார்கள், நிறைய. ஹியூகோ விருதுக் கணக்கில் 17,500 முதல் 40,000 சொற்கள் வரை இருந்தால் குறுநாவல். ஒரு மாலையில் தொடங்கி இரவுக்குள் முடித்துவிடலாம். ஒரே வேட்டை, ஒரே ஜோடி, இரண்டு மூன்று நாளில் நடந்து முடியும் கதைக்கு இந்த அளவு போதும். மாத நாவல் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது நன்றாகப் பழகிய அளவு. கணையாழி இதழ் நடத்திய தி. ஜானகிராமன் நினைவுக் குறுநாவல் போட்டியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் தொடர்கள். பெரிய நாவல்களுக்கு நடுவில், ஓரமாக நின்ற ஒரு பாத்திரத்துக்குத் தனிக்கதை கொடுக்கக் குறுநாவல் வசதியானது. அட்டையில் 1.5, 2.5 என்று எண் போட்டிருந்தால், முதல் நாவலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே என்று அர்த்தம். 0.5 என்றால் கதை தொடங்கும் முன் நடந்தது.

எதிலிருந்து தொடங்குவது?

0.5-இலிருந்து தொடங்காதீர்கள். முன்கதை என்று பெயர் இருந்தாலும் அது ஏற்கெனவே அந்தப் பாத்திரத்தை நேசிக்கும் வாசகருக்காக எழுதப்பட்டது. எந்த எண்ணும் இல்லாமல் தனியாக நிற்கும் குறுநாவல் ஒன்றை எடுங்கள். அடுத்து, பல எழுத்தாளர்கள் சேர்ந்த தொகுப்பு ஒன்று. நாலு கதையில் ஒன்று பிடித்தாலும் உங்களுக்கான எழுத்தாளர் கிடைத்துவிட்டார்.

எனக்கு ஆங்கிலம் சுமார். முடியுமா?

முடியும். இந்தக் கதைகளில் உரையாடல் அதிகம், வாக்கியம் சின்னது. தடுமாற வைப்பது ஒரு கைப்பிடிச் சொற்கள்தான். திரும்பத் திரும்ப வருவதால் இரண்டாவது புத்தகத்தில் பழகிவிடும்.

'வார்ட்' என்று வந்தால் கட்டு, அதாவது ஓர் இடத்தைச் சுற்றிப் போடும் காவல். எல்லைக்கட்டு என்று நம் கோயில்களில் சொல்வதேதான். 'சிஜில்' என்பது மந்திர முத்திரை. தாயத்துத் தகட்டில் கீறியிருக்கும் கட்டங்களை நினைத்துக்கொள்ளலாம். 'ஃபெமிலியர்' என்பது சூனியக்காரியோடு இருக்கும் ஏவல் பிராணி. 'இன்குபஸ்' ஆண் வடிவில், 'சக்குபஸ்' பெண் வடிவில் தூக்கத்தில் வந்து உயிர்ச்சக்தியை உறிஞ்சுபவை. நம் மோகினி சக்குபஸுக்குப் பக்கத்து வீடு. 'ஹெல்ஹவுண்ட்' நரகத்து நாய். இதை மட்டும் மொழிபெயர்க்காமல் விடுங்கள். நாயை மரியாதையாகப் பைரவர் என்று கூப்பிடும் ஊர் நம்முடையது. சிவன் கோயிலில் இரவு நடை சாத்தியதும் சாவியை வைப்பது பைரவர் சந்நிதியில். வைரவன்பட்டி பைரவர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தவருக்கு நாய் என்றதும் நரகம் தோன்றாது.

இரும்பும் உப்பும் அடிக்கடி வரும். இதற்கு அகராதி தேவையில்லை. கறிச்சோறு கட்டிக்கொடுக்கும்போது மேலே ஒரு கரித்துண்டோ இரும்புத் துண்டோ வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, வேட்டைக்காரி ஏன் சட்டைப்பையில் ஆணி வைத்திருக்கிறாள் என்று சொல்லித்தர வேண்டாம்.

அட்டையில் 'டார்க்' என்று போட்டிருக்கிறது. பதினைந்து வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

'டார்க்' என்பதற்கு இரண்டு பொருள். சிலவற்றில் இருட்டும் ரத்தமும் துயரமும் அதிகம், அவ்வளவுதான். 'டார்க் ரொமான்ஸ்' என்று விற்கப்படுபவற்றில் கடத்தல், வன்முறை, விருப்பமில்லாத உறவு ஆகியவையே கதையின் நடுவில் இருக்கும். அவை பெரியவர்களுக்கு உரியவை. பாராநார்மல் ரொமான்ஸிலும் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகவே வருவது வழக்கம். பல எழுத்தாளர்கள் முதல் பக்கத்திலேயே என்னென்ன வரும் என்று எச்சரிக்கைக் குறிப்பு போடுகிறார்கள். அதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

பதினைந்து வயதுக்கென்றே, 'யங் அடல்ட்' என்ற பிரிவில் வேட்டைக் கதைகள் ஏராளம். அங்கே போங்கள். எங்கள் அலமாரியில் மேல் இரண்டு தட்டு பெரியவர்களுக்கு மட்டும். எந்தப் பிள்ளைக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

நாயகன் அவளைப் பின்தொடர்கிறான், அடைத்து வைக்கிறான். 'பிறக்கும்போதே எழுதிய ஜோடி' என்கிறார்கள். இதையும் காதல் என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இந்த வகையின் பலவீனம் இதுதான், நேசிக்கிறவள் என்பதால்தான் சொல்கிறேன்.

விதி எழுதிய ஜோடி என்ற உத்தி மிகவும் பழையது, வாசகருக்கு ஒரு நிம்மதியையும் தருகிறது. ஆனால் சோம்பேறி எழுத்தாளர் கையில் அது ஒரு சாக்காகிவிடும். விதி சொல்லிவிட்டது, ஆகவே அவள் 'வேண்டாம்' என்று சொன்னதற்கு மதிப்பில்லை என்று கதை நகரும். நல்ல குறுநாவலில் இதே உத்தி எதிர்த்திசையில் வேலை செய்யும். உடம்பு இழுக்கிறது, விதி இழுக்கிறது, அப்படியும் அவள் உட்கார்ந்து யோசிக்கிறாள். இவனை நம்பலாமா, இவன் சொன்ன சொல் எது, காப்பாற்றிய சொல் எது என்று கணக்குப் பார்க்கிறாள். அவன் காத்திருக்கிறான்.

நான் ஒரு கேள்வி வைத்துப் பார்ப்பேன். அவள் முடியாது என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனால், அவள் உயிரும் வேலையும் நட்பும் அப்படியே இருக்குமா? இருக்கும் என்றால் அவள் தங்குவதற்கு ஓர் அர்த்தம் உண்டு. இருக்காது என்றால் புத்தகத்தை மூடிவிடலாம். அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ரத்தக்காட்டேரி அழைக்காமல் வாசல் தாண்டக் கூடாது என்ற விதி இந்தக் கதைகளில் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த விதியை எழுத்தாளர் வீட்டு வாசலுக்கு மட்டும் வைத்திருக்கிறாரா, பெண்ணின் உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்து வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள்.

எங்கள் அப்பத்தா 'விளக்கு வைத்த பிறகு இதையெல்லாம் தொடாதே' என்கிறார். சாமி கும்பிடும் வீட்டில் படிக்கலாமா?

படிக்கலாம். அப்பத்தாவிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். குன்றக்குடியில் சூரசம்ஹாரம் பார்த்திருப்பார். சூரன் மாமரமாக நின்றபோது வேல் அதைப் பிளந்தது. ஒரு பாதி மயிலானது, ஒரு பாதி சேவலானது. எதிரியை அழிக்காமல் வாகனமாகவும் கொடியாகவும் பக்கத்திலேயே வைத்துக்கொண்ட வேட்டை அது. இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றிவரும் அய்யனாருக்கு நம் கிராமங்களில் மண்குதிரை செய்து புரவி எடுக்கிறோம். கருப்பர் வேட்டைக்குப் போகிறார் என்று சொல்லும் ஊரில், சிகாகோவில் ஒருத்தி இரவுக்காவல் போகிறாள் என்றால் பெரியவர்களுக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஓர் ஆச்சி என்னிடம் கதையைக் கேட்டுவிட்டு, 'அவள் கும்பிடும் சாமி எது?' என்று கேட்டார். பல குறுநாவல்களில் இதற்குப் பதில் இல்லை. அது ஒரு குறைதான் என்று அன்று எனக்கும் தோன்றியது.

விளக்கு வைத்த நேரத்தில் வேண்டாம் என்றால், சரி, மத்தியானம் படியுங்கள். அவர் மனசு நோகாமல் இருப்பதும் முக்கியம்.

பெரிய வீட்டில் ராத்திரி தனியாகப் படிக்கப் பயமாக இருக்கிறது.

வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் உட்காராதீர்கள். தெருவைப் பார்த்த முகப்பில், விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள். தேக்கு உத்தரம் ராத்திரி குளிரில் சுருங்கிச் சத்தம் போடும். அது மரத்தின் இயல்பு.

வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்கிறது. பேய் பிடித்திருக்கிறது என்று உறவினர்கள் ஓட்டக் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள். கதைகளில் வருவதுபோல ஏதாவது...

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மெதுவாகத்தான் கேட்டார். பதிலை நான் உரக்கச் சொல்கிறேன். கதை கதையோடு நிற்கட்டும். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த மனநோயாளியையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. குரல் கேட்பது, தூக்கம் போவது, யாரோ துரத்துவதாகத் தோன்றுவது எல்லாவற்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமனாஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசுவது மனசுக்குத் தெம்பு தரும் என்றால் அதையும் செய்யுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வெறியாட்டுப் பாடலின் தோழியை இங்கேயும் நினைத்துக்கொள்கிறேன். சுற்றி எல்லாரும் ஆவி என்று சொல்லும்போது, இவளுக்கு உண்மையில் என்ன என்று பார்த்த ஒரே ஆள் அவள்.

தமிழில் இப்படி எழுதுகிறார்களா?

அமானுஷ்யக் கதைக்கு நம்மிடம் குறையில்லை. 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் ஒருவரே போதும். 'மர்ம தேசம்' தொலைக்காட்சித் தொடரில் குதிரையேறி வந்த கருப்பை, பார்த்த தலைமுறை மறக்கவில்லை. ஆனால் வேட்டையே தொழிலாகக் கொண்ட பெண், எதிர்ப்பக்கத்து ஆளோடு காதல், அதை நகரத்தில் வைத்துச் சொல்வது என்ற மூன்றும் கூடிய குறுநாவலுக்கு இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. 2016 டிசம்பரிலிருந்து அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்நூல் வருகிறது. அச்சகத்துக்குப் பணம் கட்டாமலே ஒருவர் தன் குறுநாவலை வெளியிட முடியும். எழுதுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

செட்டிநாட்டை வைத்து எழுதலாமா? இது நகரம் இல்லையே.

கட்டாயம் எழுதலாம். இதை நானே பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். நேர்கோட்டுத் தெருக்கள். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும். துரத்தும் காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் செய்த பணத்தில் எழுந்த வீடுகள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்ததும் விட்டுவிட்டு ஓடி வந்த கணக்குகள் எத்தனையோ. இன்று பல வீடுகளில் பூட்டும் ஒரு காவலாளும் மட்டும். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்த ஊர்கள் இவை. கதைகளில் மட்டும் இன்னும் அதிகம் வரவில்லை.

இப்போது அழைக்காமல் வாசல் தாண்டக் கூடாது என்ற விதியை இங்கே கொண்டு வாருங்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது பேர். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். நிலைக்கு மேலே கஜலட்சுமி காவல் இருக்கிறாள். வெளியே நிற்பதை உள்ளே வா என்று சொல்லும் உரிமை யாருக்கு? எட்டில் ஒரு பங்கு உள்ளவர் போனில் சொன்னால் செல்லுமா? கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அப்படியானால் கணவன் அழைத்து, மனைவி மறுத்தால்? இந்த ஒரு கேள்வியை வைத்தே முழுக் குறுநாவல் எழுதலாம். மேல்நாட்டு எழுத்தாளருக்கு இது தோன்றவே தோன்றாது.

ஒப்பந்தமும் அப்படித்தான். ஆங்கிலக் கதையில் டீமனோடு ரத்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். நம்மிடம் பேரேடு இருக்கிறது, பணம் மாற்றும் உண்டியல் சீட்டு இருக்கிறது, வட்டிக் கணக்கு இருக்கிறது. ரங்கூன் பெட்டியடியில், அதாவது வட்டிக்கடையில், ஐயா வாங்கிய ஒரு கடன், யாரிடம் வாங்கினார் என்று எழுதாத ஒரு பற்று வரி, பேத்தி காலத்தில் வசூலுக்கு வந்து நிற்கிறது. வசூலுக்கு வந்தவன்மேல் அவளுக்கு மனசு போகிறது. கல்யாணத்துக்கு இரு வீட்டாரும் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுத வேண்டும். அவன் தரப்பில் யார் எழுதுவார்?

மறைவிடம் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். பழைய வீடுகளிலிருந்து வந்த தூண், நிலை, எனாமல் சாமான், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அங்கே கடைகளில் நிற்கின்றன. எந்த வீட்டிலிருந்து எதைக் கட்டிவைத்த பொருள் வெளியே வந்துவிட்டது என்று யாருக்குத் தெரியும்? தெருவின் பெயரிலேயே முனீஸ்வரர் காவல் இருக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்ன ஊர், இன்ன வீடு என்று அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். பூட்டிய வீட்டுக்குப் பேய்வீடு என்று பெயர் வந்துவிட்டால், அதை நம்பி அங்கே வேலை பார்க்கும் காவலாளின் குடும்பத்துக்குத்தான் கஷ்டம். மூன்று ஊர் வீடுகளைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

புத்தகம் எடுக்க என்ன விதி?

ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு, மூன்று வாரம். தொடர் என்றால் எண் வரிசைப்படி எடுங்கள், நடுவிலிருந்து எடுத்தால் பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். புரியாத சொல்லுக்கு நீங்கள் எழுதிவைத்த அர்த்தம் அடுத்து எடுப்பவருக்கு உதவுகிறது. ஐப்பசி மழையில் மட்டும் முற்றத்து ஓரம் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். சென்ற மழையில் ஒரு தொடரின் 2.5 நனைந்துவிட்டது, இன்னும் வேறு பிரதி கிடைக்கவில்லை.